டிஎன்சி பெட்டி இல்லாமல் பாக்கெட் ரேடியோ: ராஸ்பெர்ரி பையும் ஒரு சவுண்ட் கார்டும் போதுமா?

கேள்வி: "வியு3 கால்சைன் கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. கையில் ஒரு சீன ஹேண்டியும், சும்மா கிடக்கும் ராஸ்பெர்ரி பை 3 ஒன்றும் இருக்கின்றன. பாக்கெட் ரேடியோ பழக ஆசை. மூத்த ஹாம் ஒருவர் டிஎன்சி இல்லாமல் நடக்காது என்கிறார். மென்பொருளை வைத்தே சமாளிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?"

முடியும். டிஎன்சி வாங்க வேண்டாம். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: ஹாம் என்றால் உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குகிறவர், வியு3 போன்ற கால்சைன் அவரது அழைப்புக்குறி, ஹேண்டி கையடக்க ரேடியோ, ராஸ்பெர்ரி பை (இனி வெறும் 'பை') உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி ரேடியோவில் அனுப்புவது பாக்கெட் ரேடியோ, அதற்காக ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வைக்கும் பெட்டி டிஎன்சி. இருப்பதோடு ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, ஒரு டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், கொஞ்சம் வயர், அவ்வளவுதான் செலவு. மென்பொருள் இலவசம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையில் மென்பொருளை ஏற்றி ஓடவிடுவது ஒரு சாயங்கால வேலை. ரேடியோவுக்கும் பைக்கும் நடுவில் போகிற ஒரு முழ வயர்தான் உங்கள் ஒரு வாரத்தைத் தின்னும். புதிதாக வருகிறவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுவதும் அங்கேதான். அதனால் கம்ப்யூட்டர் பக்கத்தை வேகமாகக் கடந்துவிட்டு, அந்த ஒரு முழத்தில் நின்று பேசுகிறேன்.

மூத்தவர் சொன்னதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் பழகிய காலத்தில் நிலைமை அதுதான். 1978 மே 31 அன்று கனடாவின் மான்ட்ரியல் ஹாம்கள் முதல் பாக்கெட்டை அனுப்பியபோது, வீட்டில் கம்ப்யூட்டர் என்பதே அபூர்வம். அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகரத்தில் கிளம்பிய டாப்பர் என்ற குழு 1985ல் டிஎன்சி-2 என்ற பெட்டியை வெளியிட்டது. உள்ளே இசட்80 சிப். பலரும் அதைப் பார்த்துப் பார்த்துப் பெட்டி செய்தார்கள். ஒரு பக்கம் ரேடியோவை மாட்டு, மறுபக்கம் சீரியல் கேபிளில் கம்ப்யூட்டரை மாட்டு. பெட்டிக்குள் இரண்டு வேலை நடந்தது: ஒலியைப் பிட்டாக மாற்றும் மோடம் வேலை ஒன்று, பிட்டுகளைச் சேர்த்துப் பாக்கெட்டாகக் கட்டும் வேலை இன்னொன்று. அப்புறம் ஜெர்மனியிலிருந்து பேகாம் என்று ஒன்று வந்தது. டிசிஎம்3105 என்ற ஒரே மோடம் சிப்பைச் சீரியல் போர்ட்டில் தொங்கவிட்டு, பாக்கெட் கட்டும் வேலையை டாஸ் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிட்டார்கள். பெட்டியில் பாதி அப்போதே கரைந்துவிட்டது. மீதிப் பாதியைக் கரைத்தது சவுண்ட் கார்டு.

காற்றில் போவது என்ன என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பின்னால் வரும் கோளாறுகள் எல்லாம் தாமாகவே விளங்கும். சாதாரண வேகம் நொடிக்கு 1200 பிட். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டே ஸ்வரங்கள். பழைய பெல் 202 தொலைபேசி மோடத்தின் கணக்கு. ஸ்வரம் மாறினால் 0, மாறாமல் நீடித்தால் 1. பாக்கெட்டின் தலையிலும் வாலிலும் 01111110 என்ற கொடி. உள்ளே இருக்கும் செய்தியில் தற்செயலாக அதே வடிவம் வந்துவிட்டால்? வராது. ஐந்து 1 தொடர்ந்து வந்தால் அனுப்புகிறவர் சும்மா ஒரு 0 செருகிவிடுவார், வாங்குகிறவர் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். கடைசியில் 16 பிட் சரிபார்ப்பு எண். நடுவில் ஒரே ஒரு பிட் தப்பினாலும் கணக்கு உதைக்கும், முழுப் பாக்கெட்டும் குப்பைக்குப் போகும். பேச்சில் ஒரு வார்த்தை கரகரத்தால் ஊகித்துக்கொள்கிறோம், இங்கே அந்தச் சலுகை கிடையாது.

இதன் இலக்கணத்துக்குப் பெயர் ஏஎக்ஸ்.25. எக்ஸ்.25 என்ற தரவு வலையின் விதிகளை எடுத்து, முகவரி இருக்கும் இடத்தில் கால்சைனைப் போட்டுக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வந்த பைட்டுகளை அப்படியே எடுத்துப் பார்த்தால் உங்கள் கால்சைன் தெரியாது. ஒவ்வொரு எழுத்தின் எண்ணும் இரட்டிப்பாகி இருக்கும். 'வி' என்ற ஆங்கில எழுத்துக்கு 86, காற்றில் போவது 172. 'யு' 85, போவது 170. '3' என்பது 51, போவது 102. பிட்டுகளை ஓரிடம் தள்ளிவைத்து, ஓரத்தில் ஒரு பிட்டைக் காலி செய்கிறார்கள். முகவரி இன்னும் நீளுமா, இதோடு முடிந்ததா என்று சொல்வது அந்தப் பிட்தான். வழியில் எத்தனை நிலையங்கள் கைமாற்றினாலும், கடைசி முகவரியின் கடைசி பைட்டில் மட்டும் அது 1 ஆக இருக்கும். எனக்கு இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க 'என் கால்சைன் ஏன் வரவில்லை' என்று தேடியிருக்கிறேன்.

சரி, மென்பொருள். நான் சொல்வது டயர் வுல்ஃப். டபிள்யூபி2ஓஎஸ்இசட் என்ற கால்சைன் கொண்ட ஜான் லாங்னர் எழுதி, இலவசமாகவும் திறந்த மூலமாகவும் கொடுத்திருப்பது. மோடம், பாக்கெட் கட்டுதல் இரண்டையும் தானே செய்யும். விண்டோஸில் யுஇசட்7எச்ஓ என்ற ஹாம் எழுதிய சவுண்ட்மோடமும் நன்றாகவே ஓடும், ஆனால் உங்களிடம் இருப்பது பை என்பதால் டயர் வுல்ஃப். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் தரும் பதிப்பு பழையதாக இருக்கலாம். மூலநிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள். புதிய லினக்ஸ் கெர்னல்களில் (ஓஎஸ்ஸின் உட்கரு) பையின் ஜிபிஐஓ பின்களை, அதாவது வெளிக் கருவிகளை மாட்டும் கால்களைக் கையாளும் முறை மாறிவிட்டது, பழைய பதிப்பு அங்கே திணறும்.

'சும்மா ஒரு மென்பொருள் பெட்டிக்கு ஈடாகுமா' என்று மூத்தவர் கேட்டால் சொல்லுங்கள்: ஈடு என்ன, மேலே. டபிள்யூஏ8எல்எம்எஃப் என்ற ஹாம் வெளியிட்ட ஒலிப்பதிவுத் தட்டு ஒன்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 144.390 மெகா ஹெர்ட்ஸில் போன நிஜப் போக்குவரத்து, பலவீனமானது, கோணலானது எல்லாம் அதில் உண்டு. டிஎன்சிகளை உரசிப் பார்க்க ஹாம்கள் வைத்திருக்கும் உரைகல் அது. பழைய பெட்டிகள் தவறவிட்ட பாக்கெட்டுகள் பலவற்றை அதில் டயர் வுல்ஃப் பிடிக்கிறது. காரணம் எளிது. பெட்டிக்குள் ஒரே ஒரு மோடம் சிப். மென்பொருள் அதே ஒலியை, இரு ஸ்வரங்களின் ஏற்றத்தாழ்வை வெவ்வேறு விதமாக வைத்து, ஒரே நேரத்தில் ஒன்பது கோணத்தில் பார்க்கும். ஒன்றில் கணக்கு சரியாக வந்தாலும் போதும். பை 3 இதையெல்லாம் செய்துவிட்டு மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இனி அந்த ஒரு முழம்.

பையில் ஒலி வெளியே போக ஓட்டை உண்டு (பை 5ல் அதுவும் இல்லை), உள்ளே வர எந்த மாடலிலும் கிடையாது. அதனால்தான் யுஎஸ்பி சவுண்ட் கார்டு. கடையில் கிடைக்கும் மலிவான கட்டைவிரல் அளவுக் கார்டே போதும். உள்ளே சிஎம்108 குடும்பத்துச் சிப் இருந்தால் இரட்டிப்பு லாபம்: அந்தச் சிப்பின் 13ஆம் பின்னை வைத்தே ரேடியோவின் பிடிடியை (அழுத்தினால் அனுப்பத் தொடங்கும் பொத்தான்) இயக்கலாம், பையின் ஜிபிஐஓ தேவையில்லை. ஆனால் மயிர் கனத்தில் இருக்கும் அந்தப் பின்னில் ஈயம் வைக்க நல்ல கை வேண்டும். முதல் தடவை ஜிபிஐஓவே நல்லது.

ஜிபிஐஓவில் எந்தப் பின்? பை மின்சாரம் வாங்கியதும், மென்பொருள் எதுவும் தொடாத நிலையில், 0 முதல் 8 வரையுள்ள ஜிபிஐஓக்கள் மேலே (3.3 வோல்ட் பக்கம்) இழுத்த நிலையிலும், 9 முதல் 27 வரை கீழே (0 வோல்ட் பக்கம்) இழுத்த நிலையிலும் இருக்கும். முதல் கூட்டத்தில் ஒன்றைப் பிடித்து டிரான்சிஸ்டரில் மாட்டினால், பை பூட் ஆகும்போதெல்லாம் ரேடியோ தானாகவே டிரான்ஸ்மிட் ஆகலாம். ஆகவே 9க்கு மேலே எடுங்கள். நான் எப்போதும் 25. பின்னிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 2என்2222 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டில், கலெக்டர் ரேடியோவின் பிடிடி வயரில். பையின் பின் தருவது 3.3 வோல்ட்தான், ரேடியோவை நேரடியாக அதில் கட்டாதீர்கள்.

ஹேண்டியின் வாக்ஸ் வசதியை (ஒலி கேட்டதும் தானே அனுப்பத் தொடங்குவது) வைத்து, பிடிடி வயரே இல்லாமல் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒலி நின்ற பிறகும் வாக்ஸ் அரை நொடி, ஒரு நொடி என்று ரேடியோவைப் பிடித்தே வைத்திருக்கும். அதற்குள் எதிரே இருப்பவர் பதில் அனுப்பி முடித்திருப்பார், உங்களுக்குக் கேட்டிருக்காது.

அனுப்பும் ஒலிக்கு வருவோம். சவுண்ட் கார்டு தருவது ஒரு வோல்ட் சுமார். ஹேண்டியின் மைக் எதிர்பார்ப்பது சில பத்து மில்லிவோல்ட். நேராக மாட்டினால் காது கிழியும். 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் இரண்டையும் வைத்துப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். மைக் வயரில் மைக்குக்கான டிசி ஓடிக்கொண்டிருக்கும், அதைத் தடுக்க ஒரு கெப்பாசிட்டர் போடுங்கள். உர்ரென்று இரைச்சல் கேட்டால் 600க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வைத்தால் அடங்கும்.

வயரைத் தொடுவதற்கு முன்னால் ஹேண்டியின் மெனுவுக்குள் போங்கள். இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பவர்கள் நிறைய. பேட்டரி சேமிப்பை அணையுங்கள். அது இருந்தால் ரேடியோ கோழித்தூக்கம் போடும், பாக்கெட்டின் தலை வரும்போது கண்ணை மூடியிருக்கும். இரட்டை அலைவரிசைக் கண்காணிப்பையும் அணையுங்கள். பேசி முடித்ததும் பீப் அடிக்கும் வசதி இருந்தால் அதையும். ஸ்க்வெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் வசதி) 0 ஆக்கி, இரைச்சல் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்படி விடுங்கள். பாக்கெட் எது, இரைச்சல் எது என்று பிரிப்பது டயர் வுல்ஃபின் பாடு. ஸ்க்வெல்ச் திறப்பதற்குள் பாக்கெட்டின் முன்பகுதி போய்விடும். கடைசியாக, டிரான்ஸ்மிட் நேர வரம்பை 60 நொடிக்கு வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போது கேட்கும் அளவு. டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்ற ஒலி அளவு நிரலைத் திறந்து யுஎஸ்பி கார்டைத் தேர்ந்தெடுங்கள். தானியங்கி கெயின் கட்டுப்பாடு என்று ஒன்று ஓசைப்படாமல் ஆன் ஆகி உட்கார்ந்திருக்கும், அதை முதலில் அணையுங்கள். பிறகு டயர் வுல்ஃபை ஓடவிட்டு ஒரு பாக்கெட் வரும்வரை காத்திருங்கள். வந்ததும் அனுப்பியவர் கால்சைனோடு ஒரு எண் தெரியும். அது 50ஐ ஒட்டி இருந்தால் நலம். 10 என்றால் ஹேண்டியின் வால்யூமைக் கூட்டுங்கள். 100ஐத் தாண்டி ஓடினால் குறையுங்கள்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். எல்லோரும் கண்டுகொள்ளாமல் போவது இதைத்தான். 24/13 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1200 ஹெர்ட்ஸ் ஸ்வரம் 24 அளவில் வந்தது, 2200 ஹெர்ட்ஸ் 13 அளவில் வந்தது என்று அர்த்தம். இரண்டும் சமமாக இருப்பதே உத்தமம். ஏன் இப்படிச் சாய்ந்தது? எஃப்எம் ரேடியோவில் மைக் வழியாகப் போகும் ஒலியின் மேல் ஸ்தாயியைத் தூக்கி அனுப்புவார்கள், ஸ்பீக்கர் வழியாக வரும்போது அதே அளவு அமுக்கிவிடுவார்கள். இரண்டும் நடந்தால் கணக்கு நேர். அனுப்பியவர் மைக் வழியைத் தவிர்த்து நேரடியாக மாடுலேட்டரில் ஒலியைச் செலுத்தியிருந்தால், தூக்குதல் நடக்கவில்லை, உங்கள் ஸ்பீக்கரில் அமுக்குதல் மட்டும் நடந்தது. அந்த வித்தியாசம் சுமார் 5 டெசிபல். 24க்கு 13 என்பதும் ஏறக்குறைய அதே 5 டெசிபல்தான். அதாவது உங்கள் வயரில் பிழை இல்லை, அவர் ரேடியோவை மாட்டிய விதம் வேறு. இரண்டு எண்ணை வைத்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் மேஜையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். எல்லாப் பாக்கெட்டும் ஒரே பக்கம் சாய்ந்து வந்தால்தான் கோளாறு உங்களிடம்.

அனுப்பும் அளவு இதைவிடப் படுத்தும், ஏனென்றால் உங்கள் சத்தத்தை உங்களால் கேட்க முடியாது. புதியவர்கள் எல்லோரும் சத்தமாக அனுப்பினால் நன்றாகக் கேட்கும் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. அதிகமானால் ஸ்வரங்களின் தலை வெட்டுப்பட்டு, காதுக்குக் கணீரென்று கேட்கும், ஒரு பாக்கெட்கூட டீகோட் ஆகாது. இரண்டாவது ரேடியோ ஒன்றையோ, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளையோ (யுஎஸ்பியில் மாட்டும் ரிசீவர்) இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி அங்கும் டயர் வுல்ஃபை ஓடவிடுங்கள். உங்கள் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், அங்கே தெரியும் எண்ணும் ஏறும். ஓரிடத்தில் ஏறாமல் நின்றுவிடும். ரேடியோவின் லிமிட்டர் கழுத்தைப் பிடித்துவிட்டது என்று பொருள், அதுதான் சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸ் டீவியேஷன் (ஒலியால் அலைவரிசை விலகும் அளவு). நமக்கு வேண்டியது 3 சுமார். ஆகவே நின்ற எண் 100 என்றால் 60க்கு இறக்கிக்கொள்ளுங்கள். அளக்கும் கருவி இல்லாத வீட்டுக்கு இது போதும்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் எனக்கு ஒருமுறை பத்துக்கு ஏழு பாக்கெட் போய்ச் சேரவில்லை. எதிரில் இருந்த நண்பர் என் சத்தம் தெளிவாகக் கேட்கிறது என்கிறார், திரையில் ஒன்றும் வரவில்லை என்கிறார். இரண்டு நாள் வயரைக் குடைந்தேன். கடைசியில் பதிவு செய்த ஒலியை வரைபடமாக விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாக்கெட்டின் தொடக்கமே காணோம். பிடிடி அழுத்தியதிலிருந்து அந்த ஹேண்டி முழு சக்திக்கு வர அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறது. டயர் வுல்ஃபில் டிஎக்ஸ்டிலே என்ற அமைப்பு, சொல்லாமல் விட்டால் 30. ஒரு அலகு 10 மில்லிநொடி, ஆக 300 மில்லிநொடி. அந்த நேரம் முழுக்க வெறும் கொடிகளை அனுப்பிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு பாக்கெட்டைத் தொடங்கும். 30ஐ 50 ஆக்கினேன், பத்துக்குப் பத்தும் போனது. ஒரு எண். நல்ல ரேடியோவில் 20க்கும் கீழே இறக்கலாம். மலிவு ஹேண்டிக்குப் பொறுமை வேண்டும்.

பெர்சிஸ்ட், ஸ்லாட்டைம் என்று இன்னும் இரண்டு இருக்கின்றன. அலைவரிசை காலியானதும் காத்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் மோதல்தான். அதனால் ஒவ்வொரு 100 மில்லிநொடிக்கும் மென்பொருள் மனதுக்குள் ஒரு சீட்டுக் குலுக்கும், நான்கில் ஒரு வாய்ப்புதான் அனுப்ப. பெர்சிஸ்ட் 63 என்பதன் பொருள் அதுதான்: 63உடன் 1 கூட்டி 256ல் வகுத்தால் கால். இவற்றைத் தொட வேண்டாம்.

அந்த 60 நொடி வரம்பு விஷயம். தொடக்கத்தில் ரேடியோவையும் பையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஹேண்டியின் ரப்பர் ஆன்டெனாவோடு 5 வாட்டில் அனுப்பிக்கொண்டிருந்தேன். யுஎஸ்பி கேபிளே ஆன்டெனா மாதிரி அதை இழுத்துக்கொண்டது. சவுண்ட் கார்டு தொலைந்துபோக, மென்பொருள் உறைந்துபோக, பிடிடி பின் மட்டும் மேலேயே நின்றுவிட்டது. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஹேண்டியைக் கையில் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கால் மணி நேரம் அந்த அலைவரிசையை ஒருவரையும் பயன்படுத்த விடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றே வரம்பு வைத்தேன், யுஎஸ்பி கேபிளுக்கு இரண்டு ஃபெரைட் கிளிப் மாட்டினேன், சக்தியை 1 வாட்டுக்கு இறக்கினேன், ஆன்டெனாவை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். 145 மெகா ஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆன்டெனா 49 சென்டிமீட்டர்தான், பழைய குடைக்கம்பியில்கூடச் செய்யலாம்.

வயர் முடிந்தது. இனி மற்ற மென்பொருள்கள் டயர் வுல்ஃபிடம் எப்படிப் பேசும் என்பது. கிஸ் என்ற சின்ன நெறிமுறை, மைக் செப்போனிஸும் ஃபில் கார்னும் 1987ல் முன்வைத்தது. பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 192 என்ற பைட். உள்ளேயே 192 வந்தால் அதை 219, 220 என்று மாற்றி எழுது. 219 வந்தால் 219, 221. ஏறக்குறைய முழு விதியும் இவ்வளவுதான். பெட்டியில் இருந்த புத்தியைக் கழற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வந்த நெறிமுறை, பெட்டியே போன பிறகும் வாழ்கிறது. டயர் வுல்ஃப் இதை 8001 என்ற டிசிபி போர்ட்டில் தரும். பையை ஆன்டெனா பக்கத்தில், திரை, கீபோர்டு இல்லாமல் வைத்துவிட்டு, ஃபோனில் ஏபிஆர்எஸ்டிராய்டை (ஏபிஆர்எஸ் என்பது இருப்பிடத்தையும் குறுஞ்செய்தியையும் பாக்கெட்டாக அனுப்பும் முறை) திறந்து வைஃபை வழியாக அதில் சேர்ந்துகொள்ளலாம். வரைபடம் வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் எக்ஸாஸ்டிர் அல்லது யாக். ஊருக்கே ஒரு செய்திப் பெட்டி நடத்தும் ஆசை வந்தால் ஜி8பிபிக்யூ எழுதிய லின்பிபிக்யூ. மின்னஞ்சலுக்கு வின்லிங்க் என்ற சேவை, அதற்கு லினக்ஸில் பேட் என்ற மென்பொருள்.

லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ஏஎக்ஸ்.25 பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. கிஸ்அட்டாச் என்ற கட்டளையில் ரேடியோ ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரி ஆகிவிடும், ஐபி முகவரிகூடக் கொடுக்கலாம். ஹாம்களுக்கென்றே 44ல் தொடங்கும் முகவரிகள் 1981லிருந்து ஒதுக்கப்பட்டிருக்கின்றன (அதில் நாற்பது லட்சத்துக்கு மேல் 2019ல் அமேசானுக்கு விற்றாயிற்று, அந்தச் சண்டை தனிக் கதை). ஆனால் நீங்கள் இப்போதைக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள். நான் ஐபி கொடுத்த அன்று ராத்திரி, ஒருவரும் தொடாமலே ரேடியோ அவ்வப்போது டிரான்ஸ்மிட் ஆனது. பையில் ஓடும் அவாஹி என்ற சேவை, வீட்டு வைஃபையில் பிரிண்டர் தேடுவது போல, ரேடியோ வழியாகவும் 'யார் இருக்கிறீர்கள்' என்று கூவிக்கொண்டிருந்திருக்கிறது. என் கால்சைனில்.

கால்சைன் என்றதும் ஒன்று. ஹாம் அலைவரிசையில் மறையாக்கம் கூடாது, வியாபாரச் செய்தி கூடாது. அதனால் எஸ்எஸ்எச் (மறையாக்கத்தோடு தொலைவிலிருந்து கம்ப்யூட்டரில் நுழையும் வழி) எல்லாம் ரேடியோ மேல் ஓட்டக் கூடாது. மறையாக்கம் இல்லாமல் கடவுச்சொல் அடித்தாலோ, ஊரே படிக்கும்.

யாரிடம் பேசுவது என்பதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. நம் ஊர்களில் பாக்கெட் கேட்கும் இடங்கள் குறைவு. வாரக்கணக்கில் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் வயர் சரியா, தப்பா என்றே தெரியாது. இதற்கு ஒரு வழி, தலைக்கு மேலே பார்ப்பது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் ரேடியோ 145.825 மெகா ஹெர்ட்ஸில் பாக்கெட்டுகளைக் கைமாற்றிக் கொடுக்கிறது. அதே 1200 வேகம், அதே இரண்டு ஸ்வரம். சுமார் 400 கிலோமீட்டர் உயரம் என்றாலும் நடுவில் கட்டடம், மலை எதுவும் இல்லை. உச்சிக்கு அருகில் வரும்போது ரப்பர் ஆன்டெனாவிலேயே கேட்கும். இஞ்ச் டேப்பை வெட்டிச் செய்யும் மூன்று துண்டு யாகி இருந்தால் தொடுவானத்திலிருந்து கேட்கும். நெருங்கும்போதும் விலகும்போதும் டாப்ளர் விளைவால் அலைவரிசை 3 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேல் நகரும். ஹேண்டியை அகல எஃப்எம்மில் வைத்தால் அது பொருட்டே இல்லை. நிலையம் நம் வானத்தைக் கடக்கும் ஒரு கடப்பு நீண்டதென்றால் சுமார் பத்து நிமிடம். விண்நடை நடக்கும்போதும், கலங்கள் வந்து இணையும்போதும் ரேடியோவை அணைத்துவிடுவார்கள், அதனால் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு மாடி ஏறுங்கள்.

நம் பக்கத்திலிருந்தும் இப்படி ஒன்று போயிருக்கிறது. 2019 ஏப்ரல் 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி45இன் நான்காம் கட்டம், வேலை முடிந்து வீணாகச் சுற்றாமல் மூன்று சோதனைக் கருவிகளைச் சுமந்தது. அவற்றில் ஒன்று ஆம்சாட் இந்தியா என்ற ஹாம் செயற்கைக்கோள் அமைப்பின் ஏபிஆர்எஸ் பாக்கெட் ரிலே.

விண்வெளி நிலையத்துக்கு அனுப்பும்போது நீளமாக எழுதாதீர்கள். ஒரு பைட்டுக்கு 6.67 மில்லிநொடி ஆகும். ஏபிஆர்எஸ் செய்திக்கு 67 எழுத்துதான் வரம்பு. தமிழில் அனுப்பலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஏஎக்ஸ்.25க்கு மொழி தெரியாது, பைட் மட்டும்தான், தாராளமாகப் போகும். ஆனால் யூனிகோடில் 'வணக்கம்' என்பது ஏழு குறி, குறிக்கு மூன்று பைட், ஆக 21 பைட். மூன்று வணக்கத்தில் செய்தி நிரம்பிவிடும். எதிர்முனையில் இருக்கும் கருவி கட்டம் கட்டமாகக் காட்டினால் அதற்கும் தயாராக இருங்கள். நானும் என் நண்பரும் எங்களுக்குள் தமிழில்தான் அனுப்பிக்கொள்கிறோம். 'அம்மா நலம்' 28 பைட், கால் நொடிக்கும் குறைவு.

9600 வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஹேண்டியின் ஸ்பீக்கர், மைக் வழியாக அது நடக்காது. ரேடியோவின் டிஸ்கிரிமினேட்டரையே (எஃப்எம்மிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் பகுதி) நேரடியாகத் தொட வேண்டும், அதற்கென்று பின்னால் டேட்டா ஜாக் உள்ள ரேடியோ வாங்கிய பிறகு பார்க்கலாம். அதற்கு முன்னால் வேண்டுமானால் எஃப்எக்ஸ்.25ஐ ஆன் செய்து பாருங்கள். பாக்கெட்டோடு பிழை திருத்தும் பைட்டுகளையும் சேர்த்து அனுப்பும், பழைய பெட்டிகள் அந்தக் கூடுதலை இரைச்சலாக நினைத்துத் தள்ளிவிட்டு நடுவில் உள்ள பாக்கெட்டை எடுத்துக்கொள்ளும். எதிரில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லை. ஐஎல்2பி என்பது இன்னும் கச்சிதம், ஆனால் இரண்டு முனையிலும் அது இருந்தாக வேண்டும்.

இந்த வாரம் பிடிடி வயரையே மாட்டாதீர்கள். கேட்கும் வயரை மட்டும் மாட்டி, மெனுவைச் சரிசெய்து, விண்வெளி நிலையம் தொடுவானத்திலிருந்து 60 பாகைக்கு மேல் ஏறும் ஒரு கடப்பைத் தேர்ந்தெடுத்து மாடிக்குப் போங்கள். ஹேண்டியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். முதல் வரி திரையில் விழுந்ததும் அந்த ஒலி அளவையும் அடைப்புக்குள் உள்ள இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து பார்ப்போம். 73 (ஹாம் வழக்கில் 'வாழ்த்துகள்').